ஆயிஷா பூசாத செண்ட்

நோர்மாவை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பக்கமாகப் பேசுகிறேன் என்று பிறகு யாரும் குறை சொல்ல வேண்டாம். ஒரு பக்கமாகத்தான் பேசப் போகிறேன். என் பெயர் சாந்தினி. லெபோ சூலியா தெருப் பக்கம் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் ஒன்பது வருஷமாகக் காய் நறுக்குகிறேன். அந்தக் கடையில் என் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவள் சித்தி ஆயிஷா. அவளுடைய கதைதான் இது. நோர்மா அவளுடைய புருஷனின் அக்கா.

வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் தன் பெயரைச் சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைவிட எட்டு வயது சின்னவளை நான் எதற்குச் சித்தி என்று கூப்பிட வேண்டும்? "உறவுமுறை இல்லக்கா, ஐ.சி. கார்டுலயே அப்படித்தான் பேரு" என்று சிரித்தாள். அன்றிலிருந்து எனக்கு அவள் ஆயிஷா.

அவளுக்கு எங்கள் கடையில் முக்கிய வேலை, புடிங். காலை ஆறு மணிக்குச் சீனியை அடுப்பில் வைத்து, தேன் நிறம் தாண்டி லேசாகக் கருகும்வரை கிண்டுவாள். முட்டை வாடை போக எலுமிச்சைத் தோலைத் துருவிப் பாலில் போடுவாள். மிச்ச நேரத்தில் லீமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சையைப் பிழிந்து ஜாடியில் நிரப்புவாள். பத்து மணிக்கெல்லாம் அவள் கை, முகம், தலையில் கட்டும் துடோங் எல்லாம் கருகின சீனியும் எலுமிச்சையுமாக மணக்கும். சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குப் பசிக்கும்.

புருஷன் சாஹித் பிறை பக்கம் லாரி ஓட்டினான். நல்ல மனுஷன், இதைச் சொல்வதில் எனக்குக் கஷ்டமில்லை. மனைவி வீட்டுக்குள் நுழைந்ததும், "என் புடிங் வந்துருச்சு" என்பானாம். பிள்ளை இல்லை. இரண்டு பேரும் ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு பழைய ஃபிளாட்டில் பதினோராவது மாடியில் இருந்தார்கள். அதே கட்டடத்தில் நான்காவது மாடியில் நோர்மா.

பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோதே சாஹித்துக்கு மார்வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அவனுக்கு நாற்பத்தாறு வயது.

ஆயிஷா இத்தா இருக்க ஆரம்பித்தாள். புருஷனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதம் பத்து நாள் காக்க வேண்டிய துக்கம் அது. நகை இல்லை, பளபளப்பான உடுப்பு இல்லை, வாசனை எதுவும் கூடாது. வேலைக்குப் போகாமல் அவளுக்கு வழியில்லை. உஸ்தாதைக் கேட்டாள். பகலில் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பு, தப்பில்லை என்றார். அவள் வளையலைக் கழற்றினாள். மணமில்லாத துணிச் சோப்பையே உடம்புக்கும் போட்டாள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவளிடம் அதற்கு முன்னாலும் ஒரு செண்ட் பாட்டில்கூட இருந்ததில்லை.

இப்போது நோர்மாவுக்கு வருகிறேன். அந்த அம்மாவுக்கு ஃபோன்தான் மேடை. விடிந்தால் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு உபதேசம். அதில் அடிக்கடி வருவது, பெண்கள் வாசம் பூசிக்கொண்டு வெளியே போகக் கூடாது என்பது. தான் பூசுவதில்லை, தன் மகள் அமீரா பூசுவதில்லை, தன் வீட்டுப் பூனை பூசுவதில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இருக்கட்டும், அவள் மூக்கு அவளோடு. ஆனால் அந்த மூக்கு ஒரு நாள் சாயங்காலம் ஆயிஷாவோடு லிஃப்டில் ஏறியது.

லிஃப்டில் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா வரைக்கும் வைத்திருந்து, குடும்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் கூடியிருந்தபோது சொன்னாள். அன்று சமையலுக்குக் கை கொடுக்க நானும் போயிருந்தேன். ஆயிஷா காலையில் புடிங் வேலையை முடித்துவிட்டு, குளித்து உடுப்பு மாற்றி வந்து, மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"என் தம்பி மண்ணுக்குள்ள போயி நாப்பது நாளு ஆவுது," என்றாள் நோர்மா. "இவ செண்ட் போட்டுக்கிட்டு வேலைக்குப் போறா. மோந்து பாருங்கலா, இப்பவும் அடிக்குது. வெலை கூடின செண்டு."

ஆயிஷா நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஒண்ணும் போடல மதினி. அது கடையில புடிங் செய்யிற வாசம்."

"புடிங்கா? குளிச்சும் போகாத புடிங்கா?"

ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவள் இன்னொருத்தியைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பெரிய சிரிப்பில்லை, உதட்டோரமாக ஒன்று. அதற்குப் பதில் ஆயிஷாவின் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

நான் கரண்டியோடு எழுந்தேன். ஆயிஷா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அன்று அவள் என்னை விட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்.

அதற்குப் பிறகு அவள் செய்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கையைத் தேய்த்தாள். புளி போட்டுத் தேய்த்தாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, எலுமிச்சைச் சாறு பட்டால் துடித்தாள். வேறு துடோங் கொண்டுவந்து பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, கிளம்பும்போது மாற்றிக்கொண்டாள். லிஃப்டில் ஏறாமல் பதினோரு மாடியும் படியேறிப் போனாள்.

"சாந்தினிக்கா," என்று ஒரு நாள் கேட்டாள், "அவருக்கும் அப்படித்தான் தோணுமா? நான் ஒழுங்கா அவருக்குத் துக்கம் காக்கலன்னு?"

"அவனுக்கா? அவன் உன்ன மோப்பம் புடிச்சே வாழ்ந்தவன்டி. அவனுக்குத் தெரியாதா?" என்றேன். சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் அழுதேன்.

அவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஒன்றுதான். சாஹித்தின் பெண்சாதி முறையாக இத்தா இருந்தாள் என்ற பெயர். அதைத்தான் அந்த அம்மா வாயால் அழித்துக்கொண்டிருந்தாள்.

அதோடும் விட்டாளா? மூன்றாவது மாதம் கடைக்கே வந்துவிட்டாள். எங்கள் முதலாளி ஷேக் அலாவுதீனிடம், இத்தாவில் இருக்கிறவளை வாசம் பூசிக்கொண்டு நிற்க விடுகிறீர்களே, உங்களுக்கும் பாவம் என்றாள். முதலாளி சண்டை என்றாலே பதுங்குகிற ஆள். ஆனாலும் அன்று, "புடிங் சட்டியண்ட வந்து நின்னு பாருங்க, உங்க மேலயும் அந்த வாசம்தான் அடிக்கும்" என்றார். நோர்மா கிட்டே வரவில்லை. தூர நின்றே மூக்கை மூடிக்கொண்டாள். முதலாளியும் பெரிய வீரரில்லை. மறுநாளே ஆயிஷாவைக் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் வர வேண்டாம், பின்கட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டார். ஐந்து வாரம் அந்தப் புழுக்கத்தில் கிடந்தாள்.

ஜூன் கடைசியில் இத்தா முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொம்தார் பக்கம் பேரங்காடிக்குப் போவோம் என்று அவளே கூப்பிட்டாள். செருப்பு வாங்கப் போகிறாளாக்கும் என்று நினைத்தேன். நேரே செண்ட் விற்கும் இடத்துக்குப் போய் நின்றாள்.

விற்கிற பெண் காகிதத் துண்டுகளில் அடித்து அடித்துக் கொடுத்தாள். ரோஜா, மல்லிகை, எதுவும் ஆகவில்லை. ஏழாவதோ எட்டாவதோ ஒன்றை முகர்ந்ததும் ஆயிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வாங்கி முகர்ந்தேன். கருகின சீனி, அதன் மேல் எலுமிச்சைத் தோல். காலை பத்து மணிக்கு எங்கள் அடுப்படி எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

"இது கேரமல், சிட்ரஸ். லைட்டா இருக்கும்க்கா, பக்கத்துல வந்தாத்தான் தெரியும்," என்றாள் விற்கிற பெண்.

"அதுதான் வேணும்," என்றாள் ஆயிஷா.

ஆகஸ்டில் நோர்மா மகள் அமீராவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீடு கெப்பாலா பத்தாஸ் ஊரில். விருந்துக்கு எங்கள் கடைச் சாப்பாடுதான். புடிங் பரிமாறுகிற சாக்கில் நானும் மண்டபத்துக்குப் போனேன். ஆயிஷா சாம்பல் நிற பாஜு கூரோங் அங்கி போட்டுக்கொண்டு வந்தாள். கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று கழுத்தில் ஒன்று, துடோங் ஓரத்தில் ஒன்று, இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொன்று அடித்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டு அடிடி," என்றேன். அடித்தாள்.

வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்த நோர்மாவிடம் நேரே போனாள். நான் தட்டோடு பின்னாலேயே போனேன். இதை விடுவேனா?

நோர்மாவின் மூக்கு விடைத்தது. குரலைத் தாழ்த்தி, "பாத்தியா? அன்னிக்கு அடிச்ச அதே வாசம். இப்பவாச்சும் ஒத்துக்கலா," என்றாள்.

"இல்ல மதினி. அன்னிக்கு அடிச்சது புடிங். இன்னிக்குத்தான் செண்ட்." ஆயிஷா இன்னும் கிட்டே போய் நின்றாள். "நான் இந்தக் குடும்பத்துக்கு வந்து பதினோரு வருஷம். என் மேல எப்பவும் இந்த வாசம்தான். உங்க தம்பிக்குத் தெரியும். நீங்க ஒரு பெருநாளுக்காச்சும் என்னைக் கட்டிப் புடிச்சு சலாம் சொல்லியிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டு அவளைக் கட்டிப் பிடித்தாள். சபை பார்த்துக்கொண்டிருந்ததால் நோர்மாவால் விலக முடியவில்லை. இந்தக் கன்னம், அந்தக் கன்னம், மறுபடி இந்தக் கன்னம். மணிக்கட்டு இரண்டும் நோர்மாவின் தோளிலும் துடோங்கிலும் அழுந்தக் கிடந்தன. அவ்வளவு நீளமான சலாமை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

அரை மணி நேரம் கழித்து, சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்த மேசையில் நானும் ஆயிஷாவும் புடிங் வைத்துக்கொண்டிருந்தோம். நோர்மா வந்து சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். சம்பந்தியம்மா முகத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து முகர்ந்தாள்.

"என்ன சம்மந்தி, செண்ட் நல்லா இருக்கே! உங்க வீட்டுப் பொம்பளைங்க வாசமே பூச மாட்டாங்கன்னு பொண்ணு பாக்க வந்த அன்னிக்குச் சொன்னீங்க?"

நோர்மாவின் கை துடோங்குக்குப் போனது. ஆயிஷாவை ஒரு பார்வை பார்த்தாள். நடந்தது என்ன என்று சொன்னால், எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"நான் ஒண்ணும் போடல," என்றாள்.

சம்பந்தியம்மா பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவள் இன்னொருத்தியைப் பார்த்தாள். இரண்டு பேரும் உதட்டோரமாகச் சிரித்தார்கள்.

"நெசமாத்தான். நான் ஒண்ணும் போடல."

ஆயிஷா தட்டிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். "புடிங் மதினி," என்றாள். "மோந்து பாருங்க."