இடது வலதாகிப் போன கழக்கூட்டத்து வழிப்படம்

எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்தப் போன் எழுதுகிறது. மகள் செல்வி பிழை பார்த்து ஏற்றிவிடுகிறாள். போன மாதம் திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் நான் முழித்த முழி, என்னைப் போலப் படம் பார்த்து வழி போகிறவர்களுக்கு உதவட்டும்.

என் மனைவி தங்கத்துக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, செல்வியின் வாடகை வீட்டில் இருந்தாள். செல்வி கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறாள். உள்ளே போனால் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அன்று பதினொரு மணிக்கு நான் போய்ச் சொட்டு மருந்து விட்டாக வேண்டும்.

குழித்துறையில் காலை ஏழரைக்கு ரயில். திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி, எதிரே பஸ் ஸ்டாண்டில் கழக்கூட்டம் பஸ். முப்பது ரூபாய் கையில் வையுங்கள். பதினாறு கிலோமீட்டர்தான், ஆனால் நெரிசல் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும்.

முந்தைய தடவை வழி நெடுகப் படம் எடுத்து வைத்திருந்தேன். செல்வி வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு பேக்கரி; அந்தப் படத்தில் ஒரு பைக்காரன் மறைத்து நின்றான். ரயிலில் சும்மா இருந்த நேரத்தில் அவனை வெட்டினேன். பக்கத்தில் இரண்டு முக்கோணம் போட்ட பொத்தான். அதுவும் ஏதோ அழகு பண்ணும் போலிருக்கிறது என்று அமுக்கிச் சேமித்தேன்.

கழக்கூட்டத்தில் பஸ் இறங்கிப் பேக்கரி வரை வந்துவிட்டேன். அதற்கு இரண்டு பக்கமும் சந்து. என் நினைவு இடது என்றது, படம் வலது என்றது. படமா பொய் சொல்லும்? வலது பக்கம் போனேன். எல்லாம் ஒரே மாதிரி ஹாஸ்டல்கள். தங்கத்தைக் கூப்பிட்டேன்.

“என்னைக் கண்ணக் கட்டி ஆட்டோல கொண்டாந்தாங்க, எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்கதான ஒருக்கா பாத்தா மறக்க மாட்டீங்க!”

ஒரு ஆட்டோக்காரரிடம் படத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டார். தாத்தா என்பதை மலையாளத்தில் சொல்லிக் கூப்பிட்டார். “அப்பூப்பா, எழுத்தெல்லாம் மறிஞ்சு கிடக்கு. கண்ணாடில காணுற போலே.”

“எப்பிடி இருந்தாலும் எனக்கு எழுத்து கொடி சுத்தின மாதிரிதான் தம்பி.”

“அப்போ பேக்கரிக்காரன் கடையத் திருப்பி வச்சாச்சோ?” என்றபடி எதையோ அமுக்கினார். படம் பழையபடி ஆனது. பைக்காரனும் வந்து நின்றான். இடது சந்தில் கொண்டு விட்டார். முப்பது ரூபாய்.

வாசலில்தான் மருந்துப் படம் ஞாபகம் வந்தது. மருந்து இரண்டு பாட்டில், ஒரே உயரம், ஒரே மூடி. படத்தில் இடப்பக்கம் இருப்பது பகலுக்கு, மற்றது ராத்திரிக்கு என்று செல்வி அனுப்பியிருந்தாள். அந்தப் படத்தையும் ரயிலில் வெட்டினேன். முக்கோணத்தை அமுக்கினேனா? ஒன்றையும் மறக்காத எனக்கு, விரல் செய்தது மட்டும் ஞாபகமில்லை.

“தம்பி, ஒரு நிமிஷம் மேல வந்துட்டுப் போ.”

அவர் படத்தையும் பாட்டிலையும் பார்த்துப் படித்தார். “இது நேரேதான் கிடக்கு. இதாணு பகல் மருந்து.”

“முதல்ல அதில ஒரு ரப்பர் பாண்ட் மாட்டுங்க,” என்றாள் தங்கம், கண்ணைத் திறக்காமலே. “கை தடவினாலே தெரியும்.”

ஆகவே, வழிப்படத்தில் கை வைக்காதீர்கள். வெட்டியே ஆகவேண்டுமென்றால் நகல் எடுத்து அதை வெட்டுங்கள். முக்கோணப் பொத்தான் பக்கமே போகாதீர்கள். மருந்துக்குப் படத்தை நம்பாமல் பாட்டிலிலேயே அடையாளம் வையுங்கள்.

சொட்டு விழுந்ததும் தங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரியான மருந்துதானா என்று நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

“எரியுது,” என்றாள். “நேத்தைக்குள்ள அதே எரிச்சல்தான்.”