ஆட்டுக்கல் யாருக்கு?

போன திங்கட்கிழமை அலுவலகத்தில் பிரையனின் முகம் தொங்கிப்போயிருந்தது. எனக்குப் பக்கத்து மேசைக்காரன். மனைவி பிரிந்து போய்விட்டாள். வீட்டில் பாதி, காரில் பாதி, படகில் பாதி அவளுக்காம்... பாதிப் படகை எப்படி ஓட்டுவதாம்? புதிய குடும்பச் சட்டம் வந்தாலும் வந்தது, சிட்னியில் தேநீர் வேளைக்கு வேறு பேச்சே கிடையாது.

"சந்தோஷமாக இருக்கும்போதே யாருக்கு எது என்று எழுதிவிடு. இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்" என்றான்.

எனக்கு அது பிடித்துவிட்டது. நாகரிகமான யோசனை அல்லவா? இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருஷம். கோப்பை கழுவுகிறேன், குப்பை வாளியைத் தெருவுக்குத் தூக்கிப் போகிறேன் — இது மட்டும் ஏன் பாக்கி?

அன்று மாலையே நோர்த்மீட் வீட்டுக் குசினியில் பேச்சை எடுத்தேன். என் மனைவி பவானியை உங்களுக்குத் தெரியும். வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் பாதி அவள் என்னைத் திட்டியதுதானே. கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நீர் கோவிக்கக்கூடாது. பிரிஞ்சா ஆருக்கு என்னெண்டு சும்மா ஒரு அக்ரிமென்ட்..."

"அப்ப ஆரப்பா அவள்?"

"ஐயோ, ஒருத்தியும் இல்லை! பிரையன் சொன்னவன்..."

"சரி, எழுதுவம். பேனையை எடுங்கோ."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நானோ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தாளை விரித்தேன்.

வீடு சரிபாதி. கார் எனக்கு. கலர் டீவி அவளுக்கு. அடுத்தது ஆட்டுக்கல். எங்களோடு கப்பலில் வந்தது. துறைமுகத்தில் சுங்க அதிகாரி அதைத் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, கடைசியில் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். இன்னொன்றுக்கு எங்கே போவது? பவானி இல்லாத வாழ்க்கையை நான் அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் தோசை இல்லாத வாழ்க்கையை நினைத்ததும் பயம் வந்துவிட்டது.

"ஆட்டுக்கல்லு எனக்கு."

"ஓம், நீங்களே வச்சிருங்கோ. வடிவா எழுதிக் கையெழுத்து வையுங்கோ."

வைத்தேன்.

"இப்ப என்ர சீதன வீட்டை எழுதுங்கோ."

பேனை நின்றுவிட்டது.

அந்த வீடு ஊரில், கோண்டாவிலில் இருக்கிறது. அதைத் தன் தங்கை வசந்திக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது பவானியின் ஆசை. வசந்திக்கு ஒரு சம்பந்தம் பொருந்தியிருக்கிறது. வீடு இல்லாமல் மாப்பிள்ளை வீட்டார் அசையமாட்டார்கள். எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டமோ விசித்திரமானது. சீதன வீடு பெண்ணுக்குத்தான் சொந்தம். ஆனால் அதை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால், புருஷன் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும்!

அந்தச் சம்மதப் பத்திரம் எட்டு மாதமாக என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அவள் கேட்கும்போதெல்லாம் "யோசிப்பம்" என்பேன். நாளைக்கே திரும்பிப் போனால் இருக்க ஒரு வீடு வேண்டாமா? எல்லாம் யோசித்தேன். வீடு என்னுடையதல்ல என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"ஆவணிக்குப் பிறகு பொறுக்கமாட்டினமாம். அவளுக்கு இருபத்தொன்பது முடியுது" என்றாள் பவானி. "பிரிஞ்சு போனாத்தான் என்ர சாமான் எனக்கு எண்டா சொல்லுங்கோ, இண்டைக்கே பிரிவம்."

குரல் உயரவில்லை. கத்தியைக் கீழே வைக்கவும் இல்லை.

எனக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது. அக்ரிமென்ட் அது இது என்று நாகரிகம் பேசவந்தவன், கட்டியவளின் வீட்டை லாச்சிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். ஒரு பெண்ணின் கல்யாணமும் அதற்குள்தான் கிடக்கிறது. நம்மில் எத்தனை ஆண்களின் முன்னேற்றம் குப்பை வாளியோடு நின்றுவிடுகிறது, சொல்லுங்கள்?

மறுநாள் அரைநாள் லீவு. பரமட்டாவில் ஒரு நொத்தாரிசு முன்னால் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, விமானத் தபாலில் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். இரவு பவானியிடம் விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்குப் பொரித்த மீனில் பெரிய துண்டு என் சாப்பாட்டுக் கோப்பையில் விழுந்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"இஞ்சேரும், நாளைக்குத் தோசை இல்லையே?"

பவானி அந்த அக்ரிமென்ட் தாளைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"ஆட்டுக்கல்லு ஆருக்கு? உளுந்து ஊறிக் கிடக்குது. ஆட்டுங்கோ!"

பிரையனுக்குப் பாதிப் படகு. எனக்கு முழு ஆட்டுக்கல்.