மெர்சிங் கரையில் பறந்த கூடாரம்

டிசம்பர் மழைக்காலத்தில் மலேசியாவின் மெர்சிங் கடற்கரையில் கூடாரம் அடிக்க வந்த கிறுக்கர்கள் நானும் என் மனைவி சாந்தியும் மட்டுமே. கடல் ஆறிப்போன தே தாரிக் டீயின் நிறத்தில் புரள்கிறது. இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி நான் முடித்ததும் இளநீர்க் கடை அக்கா வந்து பார்க்கிறார்.

"அலமாக்! பாசி ஒதுங்கற கோட்டுக்குக் கீழயா அடிச்சீங்க? சாயங்காலம் கடல் உள்ள வந்து படுக்கும் லா!"

"இவரு கொறட்டையக் கேட்டா திரும்பிப் போயிடும்க்கா," என்கிறாள் சாந்தி. "இருபது வருசமா நான் கெஞ்சினதுக்கு இப்பத்தான் கூட்டிட்டு வந்தாரு. நான் வீட்டுக்குப் போக மாட்டேன்."

முளைகளைப் பிடுங்கி, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி மேட்டுக்கு நடக்கிறோம். காற்று கூடாரத்துக்குள் புகுகிறது. பயந்து நான் விட்டுவிடுகிறேன். சாந்தி விடவில்லை. என்னைத் திட்டிக்கொண்டே மணலில் குப்புற இழுபட்டுப் போகிறாள்.

"ஓடுங்க அண்ணே!" என்று அக்கா கத்துகிறார்.

ஓடுகிறேன். கூடாரம் எட்டவில்லை. கைக்குக் கிடைத்தது சாந்தியின் கால்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.