உப்புக் கரித்த அறுபது போத்தல்

அறுபது போத்தல் புளிக்காய்ச்சல். அறுபதிலும் உப்பு கரித்தது. சமைத்தவன் நான்.

சென்ற ஆண்டு ஆடி முடிந்த வாரம், புதன்கிழமை காலை. மறுநாள் பத்து மணிக்கு என் மகள் சுமதி அந்தப் போத்தல்களைப் பல்கலைக்கழகத்தில் கடை போட்டு விற்க வேண்டும். அவள் படித்தது தொழில்முனைவு. கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் ஒரு பொருளைச் செய்து, விரிவுரையாளர்கள் முன் விற்றுக் காட்ட வேண்டும். தவறினால் பட்டம் தள்ளிப்போகும்.

நான் ஆறாம் ஆண்டு வரை படித்தவன். பத்து காஜா என்கிற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவினேன். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டதும் ஈப்போவுக்கு வந்து ஜாகா என்கிற காவல் வேலையில் சேர்ந்தேன். ஒரு கட்டட வாசலில் நிற்பேன். தோட்டத்து அம்மன் கோயில் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு நான்தான் சமைப்பேன். என் புளிச்சோற்றை எல்லோரும் கேட்டு வாங்குவார்கள். அதனால்தான் சுமதி புளிக்காய்ச்சலை எடுத்தாள்.

திங்கட்கிழமை சமைத்தேன். முதல் போத்தலைச் செவ்வாய்க்கிழமை அம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். மீதி அறுபது வீட்டில் இருந்தன.

புதன் காலை சுமதி ஒன்றைத் திறந்து விரலில் தொட்டு நக்கினாள். முகம் மாறிவிட்டது.

"ப்பா, நீங்க ருசி பாக்கலியா?"

"படையலுக்குச் செஞ்சது. எப்படிப் பாக்குறது?"

"விக்கிறதுக்குப்பா! படையல் ஒரு போத்தல்தான்லா!"

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அந்த ஒரு போத்தலும் இதே உப்புதானா? பாவம்லா அம்மன்."

யாரும் சிரிக்கவில்லை.

கோயில் சமையலில் நாக்கில் வைத்துப் பார்ப்பது கிடையாது. அம்மனுக்கு வைத்த பிறகுதான் மனிதருக்கு. இருபது ஆண்டுப் பழக்கம். அண்டாவுக்கு உப்புப் போடும் கை, வீட்டுச் சட்டிக்கும் அப்படியே போட்டுவிட்டது. அடுப்பிலும் அதிக நேரம் வற்றவிட்டேன்.

மறுபடி சமைத்து, ஆறவைத்து, போத்தலில் அடைக்க நேரம் இல்லை. மூன்று மணிக்கு அவள் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ். "நான் போகலப்பா" என்று சொல்லிவிட்டுச் சுமதி கதவைச் சாத்திக்கொண்டாள்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். உச்சி வெயில். நடை சாத்தியிருந்தது. கம்பிக்கு வெளியே நின்றேன். எனக்கென்று நான் எதுவும் கேட்டதில்லை. தப்பும் என்னுடையது. எந்த முகத்தோடு கேட்பது? கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்.

"தாயே, கை என்னுது. புள்ள தலையில போட்றாதே."

அழுதேன். என் அப்பா இறந்தபோதுகூட அழாதவன் நான்.

கோயில் வாசல் பெருக்கும் பாக்கியம் துடைப்பத்தோடு வந்தாள். என் கண்ணைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பேசினாள்.

"அண்ணே, நேத்து வச்ச போத்தல ஐயர் எனக்குக் குடுத்துட்டாரு. ஒரே ஒரு கரண்டிதான் போட்டேன், மூணு பேருக்குப் போதும்னு ஆயிருச்சு. சோத்துல உப்பே போடல. இன்னும் இருந்தா குடுங்கண்ணே."

"கரிக்கலியா?"

"நக்கித் தின்னா கரிக்கும்தான். அது என்னா ஐஸ்கிரீமா?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் பேசினாள். ஆனால் பதில் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சுமதி உப்பில்லாமல் சோறு வடித்தாள். கரண்டி கரண்டியாக அளந்து கலந்தாள். மூன்று கிண்ணம் சோற்றுக்கு ஒரு கரண்டி. சரியாக இருந்தது. போத்தலில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக அடித்து ஒட்டினாள். ஒரு கரண்டி போதும், உப்பு வேண்டாம் என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும். அங்கேயே சோறு கலந்து ருசி காட்ட ரைஸ்குக்கரையும் தூக்கிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தாள்.

வியாழன் மதியம் போன் வந்தது.

"ப்பா, எல்லாம் வித்து முடிஞ்சிருச்சு. ஒரு புரோஃபசர் கேட்டாரு, ஏன் இவ்ளோ கெட்டியா இருக்குன்னு. உள்ளதச் சொல்லிட்டேன். எங்கப்பா சாமிக்கு வைக்காம ருசி பாக்க மாட்டாருன்னு."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. அப்புறம், உங்கப்பா இப்படியே இருந்தா நீ எப்படித் தொழில் பண்ணுவேன்னு கேட்டாரு. முதக் கரண்டி சாமிக்கு, ரெண்டாவது அப்பா நாக்குக்கு, அதுக்கப்புறம்தான் போத்தலுக்குன்னு சொன்னேன்."

"நான் ஒத்துக்குவேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"ஒத்துக்குவீங்கப்பா."

ஒத்துக்கொண்டேன். சுமதி தேறிவிட்டாள். இப்போது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாரம் நாற்பது போத்தல் செய்கிறோம். சட்டி இறங்கியதும் ஒரு கரண்டி எடுத்து வீட்டு அம்மன் படத்துக்கு முன் வைப்பேன். பிறகு என் நாக்கில் வைப்பேன். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். இப்போது இல்லை.

கோயிலுக்கு வருகிறவர்களிடம் நான் அதிகம் பேசமாட்டேன். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தப்பு செய்தவன் கேட்கக் கூடாது என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். நீங்கள் அப்படி நினைக்காதீர்கள். தப்பையும் எடுத்துக்கொண்டே அம்மனிடம் போங்கள். அவள் கேட்பாள்.