தேர்தலைப் பார்க்க வந்தவர்கள்

மாலை ஏழு மணிச் செய்தியில் முதலில் தெரிந்தவர் வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு ஜெர்மானியர். மேற்கு ஆப்பிரிக்க நாடொன்றில், வாக்குச்சாவடியாக மாறியிருந்த பள்ளிக்கூடத்தின் முன் நின்று பேசினார். ஜெர்மனியின் ஹம் நகர அகதி விடுதியில் எங்களுடன் இருந்த அந்த நாட்டுக்காரர் திரைக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஜெர்மன் தெரியாது.

"என்னவாம்?" என்று எங்கள் அறையில் மூத்தவர் என்னைக் கேட்டார்.

"சர்வதேசப் பார்வையாளராம், அண்ணை. தேர்தல் நேர்மையா நடந்ததாம். சனம் ஒழுங்கா வரிசையில நிண்டதாம்."

"பார்வையாளரோ? அப்ப படம் பாக்கிற மாதிரிப் பாத்திட்டு வந்திருக்கினம். எங்கட ஊரில கள்ள வோட்டுப் போட்டவனும் வரிசையிலதான் நிண்டவன்."

நாங்கள் சிரித்தோம். பிறகு நான் செய்தியை அந்த நாட்டுக்காரருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். எதிர்க்கட்சியில் இருந்ததால் ஊரைவிட்டு ஓடிவந்தவர் அவர். நேர்மையான தேர்தல் நடந்த நாட்டுக்குத் திரும்பிப் போகலாமே என்று ஜெர்மன் அதிகாரிகள் சொல்லிவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"அந்தத் தொப்பிக்காரர் வடக்கே என் ஊருக்குப் போனாரா?" என்று மட்டும் அவர் கேட்டார். செய்தியில் அது சொல்லப்படவில்லை.

அந்தக் கோடையில் அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணங்களில் முதலாவதாகத் தேர்தல் இருந்தது.