பதில் சொன்னது நான்தான்

என் மகள் கயலுக்கு நான்கு வயதாகியும் நாலைந்து சொற்கள்தான் வரும். காதில் குறையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சுப் பயிற்சிக்கும் போய்க்கொண்டிருந்தோம். 2008-இல் எல்.கே.ஜி. சேர்க்க, கடலூரில் ஒரு பெரிய ஆங்கிலப் பள்ளிக்குப் போனோம். இன்டர்வியூவில் "வாட் இஸ் யுவர் நேம்?" என்றார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் நானே "கயல்" என்றேன். அப்பா பெயரையும் நானே சொன்னேன். "அமைதியான குழந்தை" என்று சீட் கொடுத்துவிட்டார்கள்!

"சிதம்பரத்துல நம்ம தெரு ஸ்கூலையும் ஒரு எட்டு பாத்துடலாமே" என்றார் கணவர். அரை மனதோடு போனேன்.

அங்கிருந்த இளம் டீச்சர், "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்கக்கா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உள்ளே என்னதான் நடக்கிறது என்று ஜன்னல் வழியே பார்த்தேன். மூடிய பொம்மை டப்பாவைக் கயலிடம் கொடுத்துவிட்டு டீச்சர் சும்மா உட்கார்ந்திருந்தார். கயல் சிணுங்கினாள்; அவர் புடவையை இழுத்தாள். எனக்குக் கை பரபரத்தது. டீச்சரோ அவள் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தொற!" என்றாள் கயல்.

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. வீட்டில்தான் அவள் கேட்பதற்கு முன்பே எல்லா டப்பாவையும் திறந்து வைத்துவிடுவேனே!

அங்கேயே சேர்த்தோம். அன்றிலிருந்து அவளிடம் யார் எது கேட்டாலும் மனதுக்குள் பத்து வரை எண்ணத் தொடங்கினேன். சில வாரம் கழித்துப் பஸ்ஸில் ஒரு அம்மா, "உம் பேரென்ன பாப்பா?" என்றார்.

ஏழு எண்ணும்போது பதில் வந்தது.