வையம்பட்டித் தோப்பில் மேடம் பறித்த கொய்யா

சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, பச்சை பிளாஸ்டிக் கூடையோடு கொய்யா மரத்தை அண்ணாந்து பார்த்து நின்ற எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு மேடம்தான் கொய்யா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவார். ஸ்ரீரங்கத்துக்காரர். வையம்பட்டிப் பக்கம் ஒரு தோப்பில் வருகிறவர்களே பறித்து, எடைபோட்டு வாங்கிப் போகலாம் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து ஆபீஸையே வேனில் ஏற்றியவர் அவர்தான். "ஆத்துல இருக்கறவாளையும் அழைச்சுண்டு வாங்கோ" என்று வேறு சொல்லிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே கவலைதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேலையில் சேர்ந்த அன்று, வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று மேடம் கேட்டதற்கு "விவசாயம்" என்றேன். அம்மா பறித்ததெல்லாம் அடுத்தவர் தோப்பில், கூலிக்கு. அதை நான் சொல்லவில்லை. எங்களுக்கு நிலம் இருப்பதாகவே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மழை பொய்த்தால் "உங்க தோட்டத்துல தண்ணி எப்படிப்பா?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். "பரவாயில்லைங்க" என்பேன். இரண்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது. அம்மாவை விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. வேன் என்றதுமே அவள் புதுச் சேலையை எடுத்து வைத்துவிட்டாள்.

தோப்பில் மற்றவர்கள் கிளையை வளைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு, காம்போடு ஓர் இலையும் சேர்த்துக் கிள்ளிக் கிள்ளிக் கூடையை நிரப்பினாள். நிரம்பியதும் நேராக எடைபோடும் கொட்டகைக்குப் போய், தோப்புக்காரரின் பெட்டியில் அத்தனையையும் கொட்டிவிட்டு, காலிக் கூடையோடு அடுத்த வரிசைக்கு நடந்தாள். தோப்புக்காரர் பதறிவிட்டார்.

"அம்மா, அது உங்களுதும்மா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு."

"பறிச்சத இங்கதானங்க கொட்டணும்? இத்தன வருசமா கூலிக்குப் பறிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

எல்லோருக்கும் கேட்டது. மேடம் என் பக்கம் திரும்பினார்.

"அப்போ விவசாயம்னு சொன்னது?"

"கூலி வேலைங்க மேடம். எங்களுக்கு நிலம் இல்லைங்க."

மேடம் தன் கூடையைத் தூக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். கல்லு மாதிரி காய்கள்.

"அதை முன்னாடியே சொல்லப்படாதோ? அரை மணியா இதைப் பறிச்சு வச்சிண்டிருக்கேன். அம்மா, செத்த இங்க வாங்கோ. எது பழுத்ததுன்னே எனக்குத் தெரியலை."

அம்மா வந்து கூடையைப் பார்த்தாள். "எல்லாம் பிஞ்சும்மா. ஆட்டுக்குத்தான் ஆகும். அடிப்பக்கம் பச்சை வெளுத்திருக்கா பாருங்க, அதத் தொடுங்க. கிளைய இழுக்காதீங்க." பிறகு எல்லோரையும் வரிசை பிரித்து நிறுத்தினாள். "இன்னிக்கு நமக்கு இவங்கதான் சூப்பிரண்டு, மேடம் அட்டெண்டர்" என்று டைப்பிஸ்ட் அக்கா சொன்னதற்கு மேடமே முதலில் சிரித்தார். நடுவில் ஒரு பழத்தைத் துடைத்து, "நீங்க ஒண்ணு சாப்பிடுங்கோ" என்று அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கடித்தாள். இத்தனை வருடத்தில், மரத்தடியில் நின்று அவள் சாப்பிட்ட முதல் பழம் அதுவாகத்தான் இருக்கும்.

திரும்பும்போது வேனில் அம்மா கேட்டாள்: "காலையிலேர்ந்து ஏன்டா மூஞ்சிய அப்படி வச்சிருந்த?"

"கூலிக்காரங்கன்னு தெரிஞ்சிடுமோன்னு இருந்துச்சும்மா."

"அதான் தெரிஞ்சிருச்சே. போ, தூங்கு."

தூங்கிவிட்டேன். மணப்பாறை எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. இரண்டு வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை.

மேடம் இப்போது ரிடையர் ஆகி வீட்டில் இருக்கிறார். மாதம் ஒருமுறையாவது போன் வரும். நான் எடுத்து நலம் விசாரிக்க ஆரம்பித்தால், பாதியிலேயே நிறுத்திவிடுவார்.

"உன்னோட எனக்கென்னப்பா பேச்சு? அம்மாகிட்ட குடு."